மங்கல் மேடம் தள்ளிய கேலக்ஸி

வானியல் துறையில் அவருக்கு மங்கல் மேடம் என்று பெயர். வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த ஆளுக்கு நல்லது. மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் இரண்டு மாடிக்குக் கேட்கும். பெயருக்குக் காரணம் அவருடைய நிறமோ உடுப்போ இல்லை. உலகத்திலுள்ள வானியல்காரர்கள் எல்லாம் சுருள் சுருளாகப் பளிச்சென்று போஸ் கொடுக்கிற பெரிய கேலக்ஸிகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, இந்த அம்மா மட்டும் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மினுங்குகிற குட்டி கேலக்ஸிகளைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் மாரடித்தார். அவர் வீட்டுக்காரர் பல் டாக்டர். யாராவது அவரிடம், "உங்க மனைவி என்ன ஆராய்ச்சி பண்றாங்க?" என்று கேட்டால், "இருக்கிறதுலயே வெளிச்சம் கம்மியானதாப் பார்த்துத் தேடிப் பிடிப்பா. அப்படித்தான் என்னையும் பிடிச்சா" என்பார்.

மேடத்தின் ஆராய்ச்சியை அரைக் கோப்பை டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். கேலக்ஸிகளும் மனிதர்களைப் போலத்தான், கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கும். பெரியது நடுவில் இருக்கும், சின்னவை சுற்றி இருக்கும். சின்னவற்றிடம் இருக்கிற வாயுவையெல்லாம் பெரியது உருவிக்கொள்ளும்; வாயு போனால் புது நட்சத்திரம் பிறக்காது; சின்னது நோஞ்சானாகிப் போகும். இந்தக் கூட்டங்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத வெறும் இடம் கோடிக்கணக்கான ஒளியாண்டுக்குக் கிடக்கிறது. மேடம் அதைப் பொட்டல் என்பார். பொட்டலில் குட்டி கேலக்ஸி எதுவும் பிழைக்க முடியாது என்பது மற்றவர்கள் கணக்கு. பிழைக்கும், அதுவும் யாருக்கும் பறிகொடுக்காமல் தன் வாயுவில் தானே நட்சத்திரம் பெற்று ஜம்மென்று இருக்கும் என்பது மேடத்தின் கணக்கு. கணக்கு இருந்தது. காட்டுவதற்குக் கேலக்ஸிதான் இல்லை.

ஒரு கருத்தரங்கில் மேடம் இதைப் பேசி முடித்ததும் துறைத் தலைவர் எழுந்து, "ஆக மொத்தம் மேடத்தோட கேலக்ஸிக்கு மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது. தனிக்குடித்தனம்" என்றார். அரங்கமே சிரித்தது. மேடமும் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், அன்றைக்கு முழுக்கப் பல் டாக்டரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் வராந்தாவில் எதிர்ப்படும்போதெல்லாம் தலைவர் கேட்பார்: "என்ன மேடம், தனிக்குடித்தனத்துக்கு வீடு கிடைச்சுதா?" மேடமும், "பார்த்துட்டே இருக்கேன் சார்" என்பார். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அதெல்லாம் பழகுகிற விஷயமா?

இந்த வருஷக் கடைசியில் மேடத்துக்கு ஓய்வு. வேலையில் இருப்பவர்கள்தான் பெரிய தொலைநோக்கிக்குத் தங்கள் தலைமையில் விண்ணப்பம் போடலாம். கடல் தாண்டி ஏதோ ஒரு மலை உச்சியில் இருக்கிற அந்தத் தொலைநோக்கியால்தான் இவ்வளவு மங்கலான வெளிச்சத்தைப் பிரித்து, அது எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியும். தூரம் தெரிந்தால்தான் அது நிஜமாகவே பொட்டலில் இருக்கிறதா, இல்லை பக்கத்திலேயே நின்றுகொண்டு நம்மை ஏய்க்கிறதா என்று தெரியும். ஆனால் இன்ன இடத்தில் இன்ன கேலக்ஸியைப் பார்க்க வேண்டும் என்று எழுதாமல் விண்ணப்பம் போட முடியாது. வேறு ஒரு சின்னத் தொலைநோக்கி எடுத்த படங்களில் அப்படி ஒன்றையாவது கண்டுபிடித்தாக வேண்டும். கடைசித் தேதி, வருகிற வியாழக்கிழமை சாயங்காலம். இதை விட்டால் மேடத்துக்கு இன்னொரு விண்ணப்பம் கிடையாது. முப்பது வருஷத்துப் பேச்சு வெறும் பேச்சாகவே போய்விடும்.

இங்கே டூப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது.

மங்கல் கேலக்ஸி தேடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆசைப்பட்டது கண்ணில் தெரியும். வெறும் இரைச்சலை உற்றுப் பார்த்து உற்றுப் பார்த்து, இதோ கேலக்ஸி என்று குதிப்பார்கள். அதற்கு மருந்தாக மேடம் தன் குழுவில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். தேடல் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒருவர், கம்ப்யூட்டரில் பொய்க் கேலக்ஸிகளைச் செய்து, நிஜப் படங்களுக்குள் அங்கங்கே ஒளித்துவைத்துவிடுவார். எங்கே வைத்தார் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது. தேடல் முடிந்த பிறகுதான் பட்டியலைத் திறப்பார்கள். ஒளித்து வைத்த பொய்களில் எத்தனை கண்ணில் பட்டன என்று எண்ணினால், நிஜத்தில் எத்தனையைப் பிடித்திருப்போம், எத்தனையைக் கோட்டைவிட்டிருப்போம் என்று தெரிந்துவிடும். இந்தப் பொய்களுக்குத்தான் டூப் என்று பெயர். ஒளித்துவைக்கிறவன் டூப் மாஸ்டர். மேடத்திடம் படித்து, இங்கேயே வேலைக்கும் சேர்ந்து, நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பான்.

தேடுகிறவர்கள் மூன்று பேர். மேடம், துறைத் தலைவர், அப்புறம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி. மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி என்று அலைவதால் அவளுக்கு ரெண்டு கண்ணாடி என்று பெயர். கேலி செய்கிற தலைவரை எதற்குக் குழுவில் சேர்த்தீர்கள் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். "நம்பாத கண்ணு ஒண்ணு வேணும்மா" என்றார் மேடம்.

சட்டத்தையும் மேடமே எழுதியிருந்தார். "கண்ணுல பட்டது டூப்பா நிஜமானு யோசிக்கிறது உங்க வேலை இல்ல. கேலக்ஸி மாதிரி இருக்கா, வச்சுக்கோங்க. லென்ஸ் கறை, தூசி, பக்கத்து நட்சத்திரத்தோட வெளிச்சம் வழிஞ்சிருக்கா, தள்ளுங்க. அவ்வளவுதான். மூணு பேரும் வச்சுக்கிட்டாத்தான் அது கணக்குல சேரும். ஒருத்தர் தள்ளினாலும் போச்சு." புதிதாக யார் சேர்ந்தாலும் இதைத்தான் முதலில் ஒப்பிப்பார்.

போன வாரம் ஒரு மத்தியானம். வெளியே மழை. மேடம் பொட்டல் பகுதியின் கடைசிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் ஏதோ புகை மாதிரி தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கினார். உருண்டையாக, மெல்லிய நீலமாக, ஒரு பக்கம் மட்டும் நாலைந்து பொட்டு கொஞ்சம் தூக்கலாக. அக்கம்பக்கத்தில் ஈ காக்கை இல்லை. நீலம் என்றால் இளம் நட்சத்திரம் என்று அர்த்தம், இளம் நட்சத்திரம் என்றால் வாயு இன்னும் கையில் இருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷமாகக் கட்டுரை கட்டுரையாக எழுதினாரே, அது அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. மேடத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நாற்காலியை விட்டு எழுந்தார், ஜன்னல்வரை போனார், திரும்பி வந்து பார்த்தார். இருந்தது. யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்லக் கூடாது. கையை வாயில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் டீ ஆறுகிறவரைக்கும் தாங்கவில்லை. எதிர் அறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. டூப் மாஸ்டர். மேடத்துக்குச் சந்தேகம் தட்டியது. என்னுடைய ஒவ்வொரு கட்டுரையையும் எழுத்து விடாமல் படித்தவன் அவன். எனக்கு என்ன பிடிக்கும் என்று என் வீட்டுக்காரரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். நீலம் எவ்வளவு, உருண்டை எவ்வளவு, பொட்டு எந்தப் பக்கம் என்று அளந்து செய்து வைத்திருக்கிறான் போலிருக்கிறதே.

யோசிக்கக் கூடாது என்பது சட்டம். மேடம் வேறு எதையுமே யோசிக்கவில்லை.

மறுநாள் டீ போடுகிற மேடைக்கு அருகே அவனை மடக்கினார். அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தான்.

"என்னப்பா, என்னைப் பார்த்தா ஓடுற?"

"தேடல் முடியற வரைக்கும் டூப் மாஸ்டர் யாரோடயும் நின்னு பேசக் கூடாதுன்னு நீங்கதான் சட்டம் போட்டீங்க மேடம்."

"வேலையைப் பத்திப் பேசக் கூடாதுன்னுதான் போட்டேன். வெயில், மழைன்னு பேசக் கூடாதா?"

"மழை பெய்யுது மேடம்" என்றான் அவன். முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மேடம் அந்த முகத்தை நாள் முழுக்க அலசினார். திருடனுக்குத்தான் இப்படி முகம் இருக்கும். ஏதோ பண்ணியிருக்கிறான். அவன் எப்போதுமே அப்படித்தான் இருப்பான், கல்யாணப் போட்டோவில்கூட அதே முகம்தான் என்பது ஏனோ அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலம் பல் டாக்டர் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். மேடம் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, "ஏங்க, ஒண்ணு உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தா அதை நம்புவீங்களா?" என்றார்.

"எதை?"

"எதையோ. அதெல்லாம் சொல்லக் கூடாது. நினைச்ச மாதிரியே இருக்கு. ஒரு குறை இல்ல."

பல் டாக்டர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "என்கிட்ட வர்ற ஆளுங்க வாயில ஒரு பல்லு மட்டும் குறையே இல்லாம அம்சமா இருந்தா, அது கட்டின பல்லுன்னு பார்த்த உடனே சொல்லிடுவேன். சொந்தப் பல்லுன்னா கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும்."

மேடம் பெருமூச்சு விட்டார். "அதான் நானும் நினைச்சேன்."

"நான் பல்லைத்தானே சொன்னேன். உன் விஷயம் எனக்கென்ன தெரியும்?" என்று அவர் பின்னாலேயே சொன்னது மேடம் காதில் விழவில்லை.

புதன்கிழமை, குறிகளைப் பூட்ட வேண்டிய நாள்; அதற்கப்புறம் யாரும் எதையும் மாற்ற முடியாது. மேடம் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு எல்லார் முன்னாலும் டூப் என்று தெரிந்தால்? தலைவர் சிரிப்பார், அது பரவாயில்லை. ஓய்வு பெறப் போகிற நேரத்தில் ஆசைக் கண்ணால் பார்த்து ஏமாந்தாள் என்று ஆகிவிடும். எந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தாரோ அதே வியாதியில் தானே படுத்த மாதிரி ஆகிவிடும். அதுதான் அவருக்குத் தாங்காது. படத்தை ஓரத்திலிருந்து பார்த்தால் கறை மாதிரியும் இருந்தது. கறை என்று முடிவுகட்டிவிட்டுப் பார்த்தால் எதுதான் கறையாகத் தெரியாது? 'தள்ளு' என்று குறித்தார். காரணம் கேட்ட கட்டத்தில் 'ஒளிக்கறை' என்று எழுதினார். எழுதும்போது, பெற்ற பிள்ளையை யார் வீட்டுப் பிள்ளையோ என்று சொன்ன மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலையில் நாலு பேரும் சின்னக் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். டூப் மாஸ்டர் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தான். ரெண்டு கண்ணாடி ஒவ்வொன்றுக்கும், "ஐயோ, இதுவுமா?" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். மேடம் தன்னுடையதற்காகக் காத்திருந்தார். வரட்டும். வந்துவிட்டால் மனசு ஆறிவிடும். நல்லவேளை தள்ளினோம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

அவன் நிறுத்தினான்.

"மிச்சத்தையும் படிப்பா" என்றார் மேடம்.

"முடிஞ்சுது மேடம். அவ்வளவுதான்."

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ரெண்டு கண்ணாடி தலைமேல் இருந்த கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு கணினியில் எதையோ தேடினாள். "பொட்டல் மூலையில ஒண்ணு இருந்துச்சே, நீலமா. அது இந்தப் பட்டியல்ல இல்லையே. அப்போ அது டூப் இல்ல. நிஜம்."

"நான்கூட அதை வச்சுக்கிட்டேன்" என்றார் தலைவர். "மனசில்லாமத்தான் வச்சேன். ஆனா கேலக்ஸின்னா கேலக்ஸிதானே."

"ஆனா கணக்குல சேரலையே சார். யாரோ தள்ளியிருக்காங்க" என்ற ரெண்டு கண்ணாடி, யார் என்று பார்த்துவிட்டு அப்படியே வாயை மூடிக்கொண்டாள்.

"நான்தான்" என்றார் மேடம்.

தலைவர் கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று மேடம் எதிர்பார்த்தார், சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். அவரோ மூக்கைத் தடவிக்கொண்டு, "ஏன் மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க இத்தனை வருஷமா கேலி பண்ணீங்க சார். வலிச்சுது, ஆனா என் நம்பிக்கை போகலை. அது கண்ணு முன்னாடி வந்து நின்னப்போ எனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சு. இவன் எனக்காகவே பண்ணி வச்சிருக்கான்னு நினைச்சேன்." மேடத்துக்குக் குரல் உடைந்தது. "யோசிக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நான்தான் யோசிச்சேன். சட்டம் சட்டம்தான். போச்சு, விடுங்க."

டூப் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அந்தச் சுவர் மாதிரி முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

"மேடம், அந்த மாதிரி ஒண்ணை நான் வைக்கவே இல்ல."

"அதான் தெரிஞ்சு போச்சேப்பா."

"அது இல்ல மேடம். அந்த ரகத்துலயே எதுவும் வைக்கல. பொட்டல் பக்கமே நான் போகலை."

"ஏன்?"

"வச்சா நீங்க பார்ப்பீங்க. பார்த்து சந்தோஷப்படுவீங்க. அப்புறம் இந்த ரூம்ல எல்லார் முன்னாடியும் அது பொய்னு நான் என் வாயால படிக்கணும். ரெண்டு மூணு தடவை பண்ணிப் பார்த்தேன். பண்ணிப் பண்ணி அழிச்சேன். என்னால முடியல மேடம்."

மேடம் அவனையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு பிரியத்தை உள்ளே வைத்துக்கொண்டா இவன் மழை பெய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான் என்று நினைத்துக்கொண்டார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் இரண்டு மாடிக்குக் கேட்கிற குரல் வந்தது.

"அறிவிருக்காப்பா உனக்கு? உனக்கு யாரு பாடம் நடத்தினா? அந்த ரகத்துல டூப்பே வைக்கலைன்னா, அந்த ரகத்தை நாங்க ஒழுங்காப் பார்க்கிறோமா இல்லையான்னு எப்படித் தெரியும்? பத்துக்கு ஒம்பதைப் பிடிக்கிறோமா, ஒண்ணைப் பிடிக்கிறோமா? கறையைப் பார்த்துக் கேலக்ஸிங்கிறோமா? என் மேல இரக்கப்பட்டு சோதனையவே கெடுத்து வச்சிருக்கியே. எந்த மூஞ்சியோட நான் விண்ணப்பத்துல எழுதுவேன்?"

"தப்புதான் மேடம்."

"தப்பாம் தப்பு. நல்ல மனசு இருந்தா வீட்டுல வச்சுட்டு வரணும். டூப் மாஸ்டருக்கு எதுக்கு நல்ல மனசு?"

ரெண்டு கண்ணாடிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலைவர் மட்டும் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "மேடம், கொஞ்சம் கோபத்தை நிறுத்தி வைங்க. உங்க சட்டத்துலயே இன்னொரு வரி இருக்கு. ஒரு ரகத்துக்கு டூப் வைக்கலைன்னா அந்த ரகத்தைப் பொறுத்தவரைக்கும் தேடலே நடக்கலைன்னு அர்த்தம். சரியா?"

"சரி."

"நடக்காத தேடல்ல நீங்க தள்ளினது எப்படிச் செல்லும்? நாங்க வச்சுக்கிட்டதும் செல்லாது. பொட்டலை மட்டும் மறுபடியும் முதல்லேர்ந்து தேடணும். சாயங்காலம்வரைக்கும் நேரம் இருக்கு."

மேடம் தயங்கினார். "எனக்காகச் சட்டத்தை வளைக்கிற மாதிரி இருக்கு சார்."

"வளைக்கணும்னா என்னைவிட வேற ஆளைப் பாருங்க" என்றார் தலைவர். "இது தப்புன்னு காட்டத்தான் நான் இந்தக் குழுவிலேயே இருக்கேன். மறுபடி தேடி மூணு பேர்ல ஒருத்தர் தள்ளினாலும் கதை முடிஞ்சுது. நானே தள்ளலாம், சொல்லிட்டேன்."

டூப் மாஸ்டர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மேடத்தின் கட்டுரைகளில் இருக்கிற குட்டி கேலக்ஸிகளை விதவிதமாகச் செய்தான். உருண்டையாக, கோணலாக, நீலமாக, சாம்பலாக, பொட்டு வைத்ததாக, வைக்காததாக. பொட்டலின் எல்லாப் படங்களையும் துண்டு துண்டாக வெட்டி, அவற்றில் இவற்றைத் தூவி, சிலதைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாற்றி, சிலதைத் தலைகீழாகத் திருப்பி, சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரிக் கலைத்துவிட்டான். நிஜமான அந்த ஒன்றும் அதற்குள் எங்கேயோ போய்ச் சேர்ந்துகொண்டது. அறையைத் திறந்து வந்தபோது வியர்த்து ஒழுகியது. "இந்தத் தடவை இரக்கமே படலை மேடம்" என்றான்.

மூன்று பேரும் ஆளுக்கோர் அறையில் உட்கார்ந்தார்கள். மேடத்துக்கு முதல் படத்திலேயே நெஞ்சு தூக்கிப் போட்டது. இதுதானா? அடுத்த படம், இதுதானோ? அதற்கடுத்தது, ஐயையோ, இதல்லவா? எல்லாமே அவர் ஆசைப்பட்டது மாதிரி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உயிர் போய் உயிர் வந்தது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி இப்படிப் படபடத்துக்கொண்டிருக்க முடியும்? ஒரு கட்டத்துக்கு மேல் நெஞ்சு அலுத்துப்போய் ஓய்ந்துவிட்டது. அதற்கப்புறம் வேலை ஓடியது. ஓரம் எப்படி மங்குகிறது, வெளிச்சம் நடுவிலிருந்து சீராகக் குறைகிறதா, கறை மாதிரி ஒரு பக்கம் வெட்டினாற்போல நிற்கிறதா என்று பார்த்தார். வைத்துக்கொண்டார், தள்ளினார், வைத்துக்கொண்டார். இளவயதில் இந்த வேலையை ஏன் பிடித்துப்போய்ச் செய்தார் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அப்போது கொள்கையும் இல்லை, கேலியும் இல்லை. பார்ப்பதே போதுமானதாக இருந்தது. நடுவில் ரெண்டு கண்ணாடி ஒரு கோப்பை டீயை வைத்துவிட்டுப் போனாள். மேடம் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரைங்கிற பொருளைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கியா?" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்திக்கொண்டே அடுத்ததற்கு ஒரு குறி போட்டார்.

வெயில் சாயத் தொடங்கியபோது மறுபடி நாலு பேரும் அதே அறையில் கூடினார்கள். டூப் மாஸ்டர் எண்ணிக்கையைச் சொன்னான். ஒளித்துவைத்ததில் பெரும்பகுதியை மூன்று பேருமே பிடித்திருந்தார்கள். கறைகளைப் பார்த்து ஏமாந்தது மிகக் குறைவு. அந்த ரகத்தை இவர்கள் கண் பார்க்கத்தான் செய்கிறது.

"மேடம், இப்போ அதோட நம்பரைச் சொல்லவா?"

மேடம் தலையை மட்டும் ஆட்டினார். எத்தனையோ தள்ளியிருக்கிறோம், அதில் ஒன்றாக இருந்துவிட்டால் இந்தத் தடவை மறுபடி தேட வழியில்லை.

அவன் நம்பரைச் சொன்னான். ரெண்டு கண்ணாடி விரலால் திரையைத் தடவிக்கொண்டே போனாள். "நான் வச்சிருக்கேன். சார் வச்சிருக்காங்க." நிறுத்தினாள். அவள் மூக்கு சிவந்தது. "மேடமும் வச்சிருக்காங்க."

"நானா? எப்போ வச்சேன்?" என்றார் மேடம். அவருக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. "எதுப்பா அது, காட்டு."

காட்டினான். தலைகீழாகத் திருப்பி வைத்திருந்த துண்டு. மேடத்துக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. சர்க்கரைக்காகக் கத்திக்கொண்டே குறி போட்டாரே, அதேதான். சுற்றியிருந்த டூப்புகளோடு பார்க்கும்போது அது அப்படியொன்றும் அம்சமாக இல்லை. நீலம் கொஞ்சம் அழுக்கு நீலம். உருண்டை என்று நினைத்தது உருண்டையே இல்லை. ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருந்தது. பத்து நாளாகத் தூக்கத்திலும் பார்த்துக்கொண்டிருந்த படம் அது, அந்த அமுங்கலை ஒரு தடவைகூட அவர் பார்த்திருக்கவில்லை.

"அன்னிக்கு நான் இதைப் பார்க்கவே இல்லப்பா" என்றார் மெதுவாக. "என் ஆசையைப் பார்த்துட்டு, என் பயத்தைப் பார்த்துட்டு எழுந்து போயிட்டேன். பாவம், இது பாட்டுக்கு இருந்திருக்கு." சொல்லிவிட்டு அழுதார். வெட்கப்படாமல், நன்றாகவே அழுதார். தலைவர் தன் கைக்குட்டையை நீட்டினார், அது சுத்தமாக இல்லை, மேடம் அதை வாங்கிக்கொண்டார்.

விண்ணப்பத்தை எழுத நேரம் குறைவாகத்தான் இருந்தது. பொட்டலின் எந்த மூலை, எவ்வளவு வெளிச்சம், முதலில் நடந்த தேடல் ஏன் செல்லாமல் போனது, யார் என்ன தவறு செய்தார்கள், மறுபடி எப்படித் தேடினார்கள் என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதினார்கள். "நான் பண்ணதையும் எழுதணுமா மேடம்?" என்று டூப் மாஸ்டர் கேட்டான். "முதல்ல என்னுது, அடுத்து உன்னுது" என்றார் மேடம். தலைவர் கடைசிப் பத்தியைத் தானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். 'இக்குழுவில் இதை நம்பாதவன் நான். இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன்' என்று எழுதியிருந்தார். மேடம் அதை இரண்டு தடவை படித்தார். அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

தலைவரும் ரெண்டு கண்ணாடியும் கிளம்பிப் போனார்கள். டூப் மாஸ்டர் மட்டும் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றான்.

"இங்க பாரு" என்றார் மேடம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அடுத்த தேடல்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதா ஒண்ணு வை. எல்லார் முன்னாடியும் அது பொய்னு நீயே படி. நான் தாங்கிப்பேன்."

அவன் நாற்காலியைப் பிடித்தபடி நின்றான். "அடுத்த தேடல் வரும்போது நீங்க ஓய்வுல போயிருப்பீங்களே மேடம்."

"தலைமைதான் போகும்" என்றார் மேடம். "கண்ணு என்கிட்டதானே இருக்கும். தேதியைச் சொல்லு, வந்துடறேன்."